திங்க் டேங்க் மாநாடுகளால் பிராந்தியப் பாதுகாப்பில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா?

கேட்டவர்: கடைசிபெஞ்ச்

சர்வதேச உறவுகள் முதுகலையில் பாதுகாப்பு ராஜதந்திரம் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஒரு விஷயம் புரியவே மாட்டேன் என்கிறது. ஷாங்ரி-லா உரையாடல் என்ற பாதுகாப்பு மாநாட்டை 2002 முதல் நடத்தி வருவது ஐ.ஐ.எஸ்.எஸ். என்ற லண்டன் ஆய்வு நிறுவனம். ஆனால் சிங்கப்பூருக்கு வந்து பேசுபவர்களோ பாதுகாப்பு அமைச்சர்கள். இவர்கள் சந்தித்துக்கொள்ள ஏ.டி.எம்.எம். பிளஸ் என்று, ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) மற்றும் அதன் கூட்டாளி நாடுகளின் பாதுகாப்பு அமைச்சர்களுக்கான அதிகாரபூர்வக் கூட்டமே 2010 முதல் இருக்கிறது. அப்புறம் எதற்கு நடுவில் ஒரு திங்க் டேங்க்? பாடப்புத்தகம் "நம்பிக்கை வளர்ப்பு" என்கிறது. அதையே திருப்பி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும், ஆனால் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: சந்தேகவாசி

விளங்க என்ன இருக்கிறது? காசுதான். நீங்கள் சொல்லும் அதே ஐ.ஐ.எஸ்.எஸ். பஹ்ரைனில் மனாமா உரையாடல் என்று இன்னொரு மாநாடும் நடத்துகிறது. பஹ்ரைன் அரச குடும்பத்திடமிருந்து அந்த நிறுவனத்துக்கு 25 மில்லியன் பவுண்டுக்கு மேல் வந்தது 2016இல் கசிந்த ஆவணங்களில் தெரிந்தது. வாஷிங்டன் திங்க் டேங்குகளுக்கு வெளிநாட்டு அரசுகள் பணம் தருவதைப் பற்றி 2014இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாகவே எழுதியது. பணம் தருபவரைப் பார்த்து எவர் சங்கடமான கேள்வி கேட்பார்? ஹோட்டலில் நல்ல சாப்பாடு, மேடையில் நல்ல உரை, அவ்வளவுதான்.

பதில்: பழைய குறிப்பேடு

டிராக் 2 கூட்டங்களில், அதாவது அரசுகள் அல்லாமல் ஆய்வாளர்களும் "தனிப்பட்ட முறையில்" வரும் அதிகாரிகளும் பேசும் கூட்டங்களில், குறிப்பெடுத்து அறிக்கை எழுதுவது பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷாங்ரி-லா. அமைச்சர்கள் அங்கே வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், முடிவில் கூட்டறிக்கை கிடையாது. 2015 நவம்பரில் கோலாலம்பூரில் ஏ.டி.எம்.எம். பிளஸ் கூடியபோது தென்சீனக் கடலைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்று அமெரிக்காவும் சீனாவும் மல்லுக்கட்டி, கூட்டறிக்கையே வெளிவரவில்லை. மறுநாள் செய்தியில் அந்தத் தோல்விதான் தலைப்பு. திங்க் டேங்க் மேடையில் இந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொருவரும் தன் உரையை வாசித்துவிட்டு இறங்கலாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, "முதலில் யார் கேட்டது" என்ற கௌரவப் பிரச்சினை. இருவரும் மூன்றாமவர் அழைப்பில்தானே வந்திருக்கிறார்கள், அப்படியே மேல்மாடியில் ஒரு அறையில் உட்கார்ந்து பேசலாம். 2022இல் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டினும் சீனப் பாதுகாப்பு அமைச்சர் வெய் ஃபெங்ஹேயும் அப்படித்தான் சந்தித்தார்கள். 2023இல் வெய்க்கு அடுத்து வந்த லி ஷாங்ஃபு விருந்தில் கைகுலுக்கியதோடு சரி, தன் மேல் அமெரிக்கத் தடை இருக்கும்போது பேச்சு இல்லை என்றார். 2024இல் அவருக்கு அடுத்து வந்த டோங் ஜுன் ஆஸ்டினோடு உட்கார்ந்து பேசினார். ஆக, சந்திப்பு நடந்தால் செய்தி, நடக்காவிட்டால் அதுவும் செய்தி. அரங்கத்து உரைகளை நான் பாதிதான் கேட்பேன்.

ஆனால் ஷாங்ரி-லா ஒரு கடைவீதி மாதிரி. இந்தத் துறையின் உண்மையான வேலை, பத்திரிகையாளர் யாரும் எட்டிப் பார்க்காத சின்ன அறைகளில் நடக்கிறது. மேசைப் பலகையில் ஆளின் பெயர் மட்டும் இருக்கும், நாட்டின் பெயர் இருக்காது. பணியில் இருக்கும் கர்னல்கூட "தனிப்பட்ட முறையில்" வந்திருப்பார். யாருக்காகப் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். சாத்தம் ஹவுஸ் விதிப்படி பேசிய விஷயத்தை வெளியே சொல்லலாம், பேசியவர் யார் என்று சொல்லக் கூடாது. அதனால் என் அறிக்கைகள் முழுக்க "ஒரு பங்கேற்பாளர்" நிறைந்திருப்பார். காலையிலும் மதியமும் அதே வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னால், அது அமைச்சகத்தின் தாள், பேனாவை வைத்துவிடலாம். "ஒரு பேச்சுக்கு, இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் உங்கள் தரப்பு என்ன சொல்லும்?" என்று ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

கட்டுரைக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஹாஷிம் ஜலால் நடத்திய தென்சீனக் கடல் பட்டறைகளை எடுங்கள். இந்தோனேசியத் தூதர், கடல் சட்ட வல்லுநர். அந்தக் கடலில் பல நாடுகள் உரிமை கோரும் ஸ்ப்ராட்லி தீவுகளில், ஜான்சன் சவுத் ரீஃப் என்ற திட்டில் 1988இல் சீனக் கடற்படை சுட்டதில் 64 வியட்நாமியர் இறந்தார்கள். அதற்கப்புறம் 1990 ஜனவரியில் அவர் பாலியில் முதல் பட்டறையைக் கூட்டினார். அரசுக் கூட்டம் அல்ல, கனடா நிதி கொடுத்தது. முதல் தடவை ஆசியான் நாட்டவர் மட்டும். 1991 ஜூலையில் பாண்டுங்கில் நடந்த இரண்டாவது பட்டறைக்குச் சீனா, தைவான், வியட்நாம் ஆட்களும் வந்தார்கள். சீனாவும் வியட்நாமும் உறவைச் சீராக்கிக்கொண்டது அந்த ஆண்டு நவம்பரில்தான். சீனாவும் தைவானும் பாதுகாப்பு பற்றிய ஓர் அரசு மாநாட்டில் அப்படி ஒரே மேசையில் உட்காரவே முடியாது. எல்லோரும் "தனிப்பட்ட முறையில்" வந்ததால் உட்கார முடிந்தது.

பாண்டுங்கில் ஓர் அறிக்கையும் வந்தது. பலம் பிரயோகிக்க வேண்டாம், நிதானம் காட்டுவோம், கப்பல் போக்குவரத்துப் பாதுகாப்பு, கடற்கொள்ளை, தேடுதல்-மீட்பு போன்றவற்றில் சேர்ந்து வேலை செய்யலாம் என்று. படிக்கச் சப்பென்று இருக்கும். 1992 பிப்ரவரியில் சீனா ஸ்ப்ராட்லி முதலிய தென்சீனக் கடல் தீவுகளைத் தன் கடல் எல்லைச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. ஆசியானுக்கு அவசரமாக ஒரு பொது நிலைப்பாடு தேவைப்பட்டது. அந்த ஜூலையில் மணிலாவில் வெளியிட்ட பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள், பாண்டுங்கின் சாரம் அப்படியே இருக்கும். அவசரம் வந்த நாளில் கையில் ஒரு வரைவு தயாராக இருந்தது, எந்தச் சொல்லுக்கு யார் முகம் சுளிப்பார்கள் என்பதும் முன்பே தெரிந்திருந்தது. உங்கள் பாடப்புத்தகத்தின் "நம்பிக்கை வளர்ப்பு" நடைமுறையில் இதுதான் என்பேன்.

நாடுகள் பாதுகாப்பு பற்றிப் பேசும் ஆசியான் பிராந்திய மன்றமும் இதே வழியில் வந்ததுதான். ஆசியான்-ஐ.எஸ்.ஐ.எஸ். என்ற ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பு 1991இல் யோசனையை எழுதிக் கொடுத்தது, 1994இல் பாங்காக்கில் மன்றமே கூடிவிட்டது. அதற்குத் துணையாக 1993இல் வந்த சி.எஸ்.சி.ஏ.பி. என்ற டிராக் 2 அமைப்பு இன்றும் இயங்குகிறது.

சந்தேகவாசிக்கு: நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் பணத்தின் வேலையை உரைகளில் தேடினால் கிடைக்காது. எந்தத் தலைப்பு நிகழ்ச்சிநிரலில் வரவே இல்லை, யாருக்கு அழைப்பு போகவில்லை என்று பாருங்கள். ஒரு கூட்டத்தில் நிதி தந்த தரப்புக்குப் பிடிக்காத அமர்வு ஒன்று இருந்தது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. கடைசி நாள் மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள், பாதிப்பேர் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு நடந்தது. அதன் குறிப்பு எனக்கு அரைப் பக்கம்கூடத் தேறவில்லை.

பதில்: தரவுப்பித்தன்

பேச்சை மட்டுமே வைத்து எடைபோடாதீர்கள். தகவலை வெளியே போடுவதும் திங்க் டேங்கின் வேலைதான். வாஷிங்டன் சி.எஸ்.ஐ.எஸ். நிறுவனத்தின் ஏ.எம்.டி.ஐ. பிரிவு 2014 முதல் தென்சீனக் கடலின் செயற்கைக்கோள் படங்களை வெளியிடுகிறது. ஸ்ப்ராட்லி தீவுகளை ராணுவமயமாக்கும் எண்ணமில்லை என்று ஷி ஜின்பிங் 2015 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் சொன்னார். அங்கே சீனா கட்டிய 7 தீவுகளிலும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் தெரிவதாக 2016 டிசம்பரில் ஏ.எம்.டி.ஐ. படம் போட்டது. உளவுப் படத்தைக் காட்டினால் தன் கருவியின் திறன் வெளியே தெரிந்துவிடுமே என்று எந்த அரசும் தயங்கும். வணிகச் செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தயக்கம் இல்லை, சொந்தமாகச் செயற்கைக்கோள் இல்லாத நாடும் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

பக்கச் செய்தி: கட்டுரையில் சிப்ரி என்ற ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் ஆயுதப் பரிமாற்றப் புள்ளிவிவரம் சேர்த்தால் அதை டாலரில் கொடுத்த விலை என்று எழுதிவிடாதீர்கள். அது ராணுவத் திறனை அளக்கும் ஒரு குறியீட்டு மதிப்பு. நாளிதழ்களே அடிக்கடி சறுக்கும் இடம்.

கேட்டவர்: கடைசிபெஞ்ச்

நன்றி. ஆனால் ஒரு இடறல். பாண்டுங், மணிலா எல்லாம் முடிந்து, 1995இல் ஸ்ப்ராட்லியில் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் மிஸ்சீஃப் ரீஃபில் சீனா கட்டடம் எழுப்பியது தெரியவந்ததே. அப்படியானால் அந்தப் பட்டறைகளால் என்ன பயன்?

பதில்: பழைய குறிப்பேடு

தடுக்கவில்லை, உண்மைதான். முடிவெடுத்துவிட்ட ஒரு ராணுவத்தை எந்தத் திங்க் டேங்கும் நிறுத்தியதில்லை. அரசுகள் இன்னும் நிலைப்பாடு எடுக்காத காலம்தான் இவர்களின் காலம். அமைச்சகங்கள் நேரடியாக மோத ஆரம்பித்ததும் டிராக் 2 அறையில் உட்காரும் "தனிப்பட்ட" ஆட்களும் அமைச்சகத் தாளையே வாசிக்கத் தொடங்குவார்கள். பிற்காலக் கூட்டங்களில் எனக்குப் பேனாவுக்கு அதிகம் வேலை இல்லாமல் போனது இதனால்தான். 2001இல் கனடா நிதியை நிறுத்திய பிறகும் ஜலாலின் பட்டறைகள் நடந்தன, ஆனால் பவளப்பாறை, கடல் ஆராய்ச்சி போன்ற தலைப்புகளோடு. எல்லைக் கோட்டைப் பற்றி அங்கே யாரும் வாயைத் திறப்பதில்லை.

கட்டுரைக்கு ஒன்று செய்யுங்கள். 1991 பாண்டுங் அறிக்கை, 1992 மணிலா பிரகடனம், 2002இல் ஆசியானும் சீனாவும் கையெழுத்திட்ட நடத்தைப் பிரகடனம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படியுங்கள். எந்த வரி தாக்குப்பிடித்தது, எது காணாமல் போனது என்று குறித்தாலே கட்டுரையில் பாதி முடிந்துவிடும். மூன்றும் இணையத்திலேயே கிடைக்கும்.