எல்க் வேட்டை: மேப்பில் பொது நிலம், நேரில் வேலி. எங்கே தப்பு செய்தேன்?

புதுத்துப்பாக்கி:
வணக்கம். டென்வரில் இருக்கிறேன். போன அக்டோபர் கடைசியில், துப்பாக்கி வேட்டைக்கான இரண்டாவது ரைஃபிள் சீசனில், கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப் பக்கம் முதல் தடவையாக எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனேன். ஐந்து நாள். தடம் பார்த்தேன், புழுக்கை பார்த்தேன், கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம்கூடப் பார்த்தேன். மானை மட்டும் பார்க்கவில்லை.

நான் குறித்து வைத்திருந்த பி.எல்.எம். நிலம் (மத்திய அரசின் பொது நிலம்) இரண்டு துண்டு. சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்கள் மாதிரி மூலையில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. மற்ற இரண்டு கட்டமும் தனியார் பண்ணை. தாண்டலாமா என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். பக்கத்திலேயே மேப் ஆப்பில் நீலமாக மாநில நிலம் தெரிந்தது, அங்கேயும் வேலி. கடைசியில் ஓடையோரப் பாதையில் தினமும் 3 மைல் உள்ளே நடந்தேன். உள்ளே போகப் போக மான் இருக்கும் என்றார்களே?

ஜங்ஷன்காரன்:
முதலில் வேலி. மூலை தாண்டும் விஷயம் பக்கத்து மாநிலமான வயோமிங்கில் எல்க் மவுண்டன் என்ற மலை பற்றிய வழக்கில் அடிபட்டது. 2021-ல் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், மூலையில் ஏணி வைத்து ஏறி இறங்கினார்கள். 2025 மார்ச்சில் பத்தாவது சர்க்யூட் நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே அக்டோபரில் எடுக்க மறுத்துவிட்டது. கொலராடோவும் அந்த சர்க்யூட்டில்தான் வருகிறது. ஆனால் தனியார் மண்ணில் கால் படக்கூடாது. ஆப்பின் கோடு சில அடி தள்ளி விழும், அதை நம்பி மூலை தாண்டாதீர்கள். சர்வே முளை கண்ணில் பட்டால் தாண்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீல நிலம் வேறு கதை. கொலராடோவில் மாநில அறக்கட்டளை நிலம் தானாகப் பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. வேட்டைக்குத் திறந்துவிட்டவற்றின் பட்டியலில் இருந்தால்தான் நுழையலாம். இன்னொன்று, இங்கே தனியார் நிலத்தில் அறிவிப்புப் பலகை வைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பலகையைப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, அந்த 3 மைல். எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குச் சேர்ந்தீர்கள்?

புதுத்துப்பாக்கி:
கூடாரத்திலிருந்து ஆறரை. சேரும்போது ஒன்பதரை. போகும்போது முகத்தில் குளிர்காற்று. சேர்ந்த பிறகு பிடரியில் அடித்தது.

ஜங்ஷன்காரன்:
பிடரியில் அடித்த அந்தக் காற்றுதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது. ராத்திரி குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழியும். வெயில் சரிவைத் தொட்டதும் மேலே ஏறத் தொடங்கும். காலையில் எல்க் தெற்குப் பார்த்த புல் சரிவில் மேயும், அப்புறம் வடக்குப் பார்த்த அடர்ந்த ஸ்புரூஸ் (ஊசியிலை மரம்) காட்டுக்குள் போய்ப் படுக்கும். நீங்கள் ஓடையில் நிற்கிறீர்கள், அவை உங்கள் தலைக்கு மேலே படுத்திருக்கின்றன. உங்கள் வாடை நேரே அவற்றின் மூக்குக்குப் போகும். ஐந்து நாளும் இதே கதை நடந்திருக்கும்.

மைலை எண்ணாதீர்கள், உயரத்தை எண்ணுங்கள். அந்த மேப்பில் 40 அடிக்கு ஒரு சம உயரக் கோடு. 25 கோடு ஏறினால் 1000 அடி. இருட்டிலேயே பக்கவாட்டு முகட்டில் ஏறி, விடியும்போது எதிர்ச் சரிவைப் பைனாகுலரில் பாருங்கள். எந்த இடத்தில் காட்டுக்குள் நுழைகின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கோடுகள் நெருக்கமாக வந்து திடீரென்று விலகும் இடம் மலையில் ஒரு தட்டு, அதாவது சரிவின் நடுவே சமதளம். படுக்கை பெரும்பாலும் அங்கேதான்.

மேற்குச்சரிவு அக்கா:
தம்பி, சுட்ட பிறகு என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? நல்ல ஆண் எல்க் 300 கிலோ நிற்கும். எலும்பெடுத்த கறியே 90 கிலோ தாண்டும். தனி ஆள் என்றால் நான்கு நடை. 3 மைல் உள்ளே சுட்டால் சுமையோடு 12, வெறும் முதுகோடு 9, ஆக 21 மைல். வனவெளிப் பகுதி (சட்டப்படி பாதுகாக்கப்பட்ட wilderness) என்றால் சக்கரம் வைத்த எதுவும் கூடாது, கறி வண்டிகூட. நான் ஒரு தடவை பாதைக்குக் கீழே பள்ளத்தில் சுட்டுவிட்டு, அத்தனையையும் மேலே சுமந்தேன். அதற்குப் பிறகு பாதைக்குக் கீழே சுடுவதே இல்லை. தோலை உடனே உரித்துவிடுங்கள். அக்டோபர் குளிர்தானே என்று விட்டால் தொடைக்கறி உள்ளேயிருந்து கெடும்.

புதுத்துப்பாக்கி:
எண்ணிப் பார்த்தேன் அக்கா. ஓடையிலிருந்து 27 கோடு மேலே ஒரு தட்டு இருக்கிறது. ரோட்டிலிருந்து ஒன்றரை மைல்தான்! மேப்பில் வழி முழுக்கப் பச்சை, அதாவது காடு.

ஜங்ஷன்காரன்:
அந்தப் பச்சையை நம்பாதீர்கள். 1940-களிலேயே அந்தப் பக்கம் வண்டு விழுந்து ஸ்புரூஸ் ஏராளமாகச் செத்தது. சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தீக்குச்சிப் பெட்டியைக் கொட்டியது மாதிரி தெரிந்தால் அது விழுந்த மரம். அதற்குள் ஒரு மணி நேரத்தில் கால் மைல் போவதே பெரிது, சத்தம் வேறு. முகட்டைச் சுற்றி வரும் வழி இருக்கிறதா பாருங்கள்.