ஜெபம் வறண்டு கிடக்கிறது, தமிழில் வழிகாட்டி வேண்டும்

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், வயது 41. மூன்று வருடமாகத் தினமும் காலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் மௌன ஜெபம். போன தவக்காலத்திலிருந்து உள்ளே ஒன்றுமே இல்லை. நற்செய்திக் காட்சியை மனதில் கொண்டுவரப் பார்த்தால் வெறும் சுவரைப் பார்ப்பது போல இருக்கிறது.

நேரத்தை இரவுக்கு மாற்றினேன். ஜெபமாலைக்குத் திரும்பினேன். குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தேன். ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்தில் சும்மா உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. பற்றறுக்கலாம் என்று கைப்பேசியில் வாட்ஸ்அப் தவிர எல்லாவற்றையும் நீக்கினேன். அப்புறம் ‘எவ்வளவு விட்டுவிட்டேன்’ என்ற பெருமையே புதுப் பற்றாக ஒட்டிக்கொண்டது!

ஸ்பெயின் நாட்டுத் துறவி புனித சிலுவை அருளப்பர் (1542–1591), ‘இருண்ட இரவு’க்கு, அதாவது கடவுள் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் வறட்சிக் காலத்துக்கு, மூன்று அடையாளங்கள் சொல்கிறார்: கடவுள் காரியத்திலும் படைப்புகளிலும் சுவை இல்லாமை, கடவுளுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே என்ற கவலை, கற்பனையால் தியானிக்க முடியாமை. பின்னிரண்டும் எனக்கு உண்டு. முதலாவதில்தான் இடிக்கிறது. சனிக்கிழமை தேக்கா பிரியாணி இன்னும் நன்றாகவே ருசிக்கிறது. அப்படியென்றால் இது வெறும் சோம்பலா? தனியாக முடிவு செய்யப் பயமாக இருக்கிறது.

வேலை நாட்களில் மாலை ஏழு மணிக்கு மேல், தமிழில் ஆன்ம வழிநடத்துதல் தரும் குருவோ அருட்சகோதரியோ சிங்கப்பூரில் யாராவது உங்களுக்குத் தெரியுமா?