1959 அயோவா விமான விபத்து: பனிப்பொழிவு மட்டும்தான் காரணமா?

கேள்வி – பழைய ரேடியோ

1959 பிப்ரவரி 3ஆம் தேதி, நள்ளிரவு கடந்து ஒரு மணி நெருங்கும் வேளையில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வயல்வெளியில் ஒரு சிறிய பீச்கிராஃப்ட் பொனான்சா விமானம் விழுந்தது. ராக் அண்ட் ரோல் பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வாலன்ஸ், 'பிக் பாப்பர்' என்று அறியப்பட்ட ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும், 21 வயதான விமானியும் உயிரிழந்தனர். 'பனிப்புயலில் சிக்கிய விமானம்' என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் புறப்பட்ட நேரத்தில் மேசன் சிட்டி விமான நிலையத்தில் பார்வைத் தொலைவு 6 மைல் இருந்ததாகப் படித்தேன். அப்படியிருக்க, அங்கிருந்து கிளம்பிய விமானம் ஏறக்குறைய 5 மைல் தொலைவிலேயே விழுந்தது எப்படி? இயந்திரக் கோளாறு என்றும், உள்ளே துப்பாக்கி வெடித்தது என்றும் சொல்வதில் உண்மை உண்டா?

பதில் – மேகமூட்டம்

நீங்கள் படித்தது சரிதான். அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் அதே ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, புறப்படும்போது மேகத்தளம் 3,000 அடியிலும் பார்வைத் தொலைவு 6 மைலாகவும் இருந்தன. இலேசான பனி பெய்துகொண்டிருந்தது. தெற்கிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வீச, இடையிடையே அது 30 நாட் வரை எழுந்தது. அதைப் புயல் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்வைத் தொலைவு என்பது விளக்குகள் உள்ள விமான நிலையத்தில் நின்று அளப்பது. அங்கிருந்து வடமேற்கே திரும்பினால் ஆள்நடமாட்டம் குறைந்த பண்ணை நிலங்கள்தாம். கீழே வெளிச்சமில்லை, மேலே மேகம் நட்சத்திரங்களை மறைத்திருந்தது. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு கண்ணுக்குத் தெரியாத நிலையில், விமானி கருவிகளை மட்டுமே நம்பி ஓட்ட வேண்டியிருந்தது. அதற்குரிய சான்று அவரிடம் இல்லை. 711 மணி நேரம் பறந்தவர், அதில் 52 மணி நேரம் கருவிப் பயிற்சியும் பெற்றவர். எழுத்துத் தேர்வில் தேறியும், பறந்து காட்டும் தேர்வில் தவறியிருந்தார்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது அந்த விமானத்தில் இருந்த ஸ்பெர்ரி நிறுவனத்தின் சாய்வுகாட்டும் கருவியைத்தான். விமானத்தின் மூக்கு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பதை அது, அவர் பழகியிருந்த கருவிக்கு நேர்மாறான திசையில் காட்டியது. இறங்கிக்கொண்டே திரும்பும்போது, ஏறிக்கொண்டே திரும்புவதாக அவர் எண்ணியிருக்கக்கூடும் என்று அறிக்கையே சொல்கிறது. வெளியே எதுவும் தெரியாதபோது உடலின் உணர்வும் உதவாது. சீராக நீடிக்கும் திருப்பத்தைக் காதின் உட்பகுதி சிறிது நேரத்தில் உணராமல் விட்டுவிடும், நேராகப் பறப்பதாகவே தோன்றும். வலது இறக்கை முதலில் தரையில் மோதியதும், வேகமானி மணிக்கு 165 முதல் 170 மைல் வரையிலான அளவில் நின்றிருந்ததும் இந்த விளக்கத்தோடு பொருந்துகின்றன. மோதிய கணத்தில் இயந்திரம் இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

பதில் – கணக்குப்பிள்ளை

துப்பாக்கிக் கதையை விட்டுவிடலாம். ஹாலியின் கைத்துப்பாக்கி பின்னர் அந்த வயலில் கிடைத்ததால் பிறந்த வதந்தி அது. 2007இல் ரிச்சர்ட்சனின் உடலைத் தோண்டியெடுத்து ஆராய்ந்த தடயவியல் மானுடவியலாளர் பில் பாஸ், குண்டுக் காயம் எதையும் காணவில்லை. மோதலிலேயே உயிர் பிரிந்தது என்றார். விசாரணையை மீண்டும் திறக்கக் கோரிய மனுவை 2015இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஏற்கவில்லை.

மேகமூட்டம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைக் கொண்டு பறந்து பழகாத 20 பேரை, வெளிக்காட்சியை மறைத்து விமானம் ஓட்டச் செய்தார்கள். ஒருவர் விடாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 விநாடிகள். சோதனைக்குப் பயன்பட்டதும் பொனான்சா வகை விமானமே. ஆனால் அயோவா விமானியை அந்த 20 பேரோடு அப்படியே ஒப்பிட முடியாது, அவருக்குக் கொஞ்சமாவது பயிற்சி இருந்தது.

பழைய ரேடியோ

நன்றி. அப்படியானால் புறப்பட்டதே தவறு என்று முழுப் பழியையும் அந்த இளைஞர் மீது போடுவது நியாயமா?

பதில் – வடகாற்று

அறிக்கை முதற்காரணமாகக் கூறுவது அவருடைய முடிவைத்தான். 'விவேகமற்ற முடிவு' என்ற பொருளில் கடுமையாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அடுத்தபடியாக, வானிலை விவரம் தந்ததில் இருந்த பெருங்குறைகளையும் துணைக்காரணமாகச் சேர்த்திருக்கிறார்கள், இதைப் பலரும் கவனிப்பதில்லை. அன்றிரவு மினியாபொலிஸிலிருந்து 11.35க்கும், கன்சாஸ் சிட்டியிலிருந்து 12.15க்கும் இரண்டு அவசர வானிலை எச்சரிக்கைகள் வந்திருந்தன. முதலாவது, பனிப்பொழிவில் பார்வைத் தொலைவு 2 மைலுக்கும் குறையும் என்றது. இரண்டாவது, அயோவாவின் பெரும்பகுதியில் விமானத்தின் மீது பனிக்கட்டி படியும் என்றது. விமானி வானிலையைக் கேட்காமல் கிளம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார். இந்த இரண்டையும் யாரும் அவர் கவனத்துக்குக் கொண்டுவரவில்லை. தவிர, விமானத்தை வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கே கண்பார்வையைக் கொண்டு பறக்கும் நிலைமைகளில் மட்டுந்தான் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பயணிகள் அவசரத்தில் இருந்தார்கள். சுற்றுப்பயணப் பேருந்தின் வெப்பமூட்டி பழுதாகி, மேளக்காரர் ஒருவர் பாதங்களில் பனிக்கடி ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்திருந்த நேரம் அது. ஃபார்கோவுக்குப் பறந்து அடுத்த நிகழ்ச்சிக்கு முன் சற்று ஓய்வெடுக்க விரும்பினார்கள். புகழ்பெற்ற பாடகர்கள் வந்து காத்திருக்கும்போது 'இன்று வேண்டாம்' என்று சொல்ல 21 வயதுக்காரருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எந்த அறிக்கையும் அளக்காது. 11.35க்கு வந்த எச்சரிக்கை அவர் கைக்குப் போயிருந்தால், அந்தத் துணிவுக்கு ஓர் ஆதாரமாவது இருந்திருக்கும். விமானம் கிளம்பியதோ 12.55க்குத்தான்.