மறுமொழி: 'தசைவளி நிறைவு' களத்தில் நிற்காது

> 'தசைவளி நிறைவு' என்று வைக்கலாம். சுருக்கமாக இருக்கிறது, தனித்தமிழாகவும் இருக்கிறது.

ஐயா, வணக்கம். 'Muscle oxygen saturation' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நீங்கள் தந்த சொல் எழுத்தில் அழகுதான். குன்னூரில் ஏற்றம் ஓடி வந்து மூச்சு வாங்க நின்ற பையனிடம் "தசைவளி எவ்வளவுப்பா?" என்று கேட்டுப் பார்த்தேன். "கெண்டைக்கால்தான் சார் பிடிச்சு இழுக்குது" என்று காலை நீட்டினான். களத்துப் பேச்சில் வளிக்கும் வலிக்கும் அவ்வளவுதான் இடைவெளி. போதாததற்குச் சித்த மருத்துவத்தில் வளி என்றால் வாதம். வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) அறிந்தவர் இதை ஒரு நோய்ப் பெயர் என்றே நினைப்பார்.

'செறிவு' வேண்டாம். பாடநூலில் அது கரைசலுக்குப் போய்விட்டது. இங்கே நமக்கு வேண்டியது ஒரு விகிதம். தொடையில் பட்டை கட்டி அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தசைக்குள் விடுகிறோம். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் ஒளியை வெவ்வேறு விதமாக உறிஞ்சும். அதை வைத்து, ஏறியது நூற்றுக்கு எத்தனை என்று கருவி சொல்லும். (தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதமும் கணக்கில் கலந்துவிடும், பிரித்துக் காட்ட இதற்கு வழியில்லை. ஆகவே 'குருதி' என்று தொடங்கும் சொற்களும் சரிவராது.) 'தெவிட்டல்' பாடநூல் சொல்தான். ஆனால் வயிறு நிறைந்த பிறகுதானே தெவிட்டும்? '30 சதவீதத் தெவிட்டல்' என்றால் சிரிப்பார்கள்.

கொரோனாவுக்குப் பிறகு பலர் வீட்டிலும் இருக்கிற விரல் கருவியோடும் இதைக் குழப்பக் கூடாது. அது நாடித் துடிப்பைப் பிடித்துத் தமனி இரத்தத்தைப் பார்க்கிறது. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் அந்த எண் சமவெளியைவிடச் சற்றுக் குறையும். ஓடினாலும் தசை எண் அளவுக்கு அசையாது. தசையில் கட்டியதோ ஏற்றம் தொடங்கியதும் மளமளவென்று இறங்கும், நின்றதும் ஏறும். வந்து சேர்கிற ஆக்சிஜனில் தசை செலவழித்தது போக மிச்சம் அது. எவ்வளவு விரைவாகத் திரும்ப ஏறுகிறது என்று பார்த்துத்தான் அடுத்த ஓட்டத்துக்கு விடுவதா, இன்னும் கொஞ்சம் நிறுத்தி வைப்பதா என்று முடிவு செய்கிறோம்.

அதனால் என் பரிந்துரை: தசை ஆக்சிஜன் இருப்பு. கருவிக்குத் தசை ஆக்சிஜன் மானி. ஆக்சிஜனை உயிர்வளி ஆக்க விரும்புவோர் ஆக்கிக்கொள்ளட்டும். வளியை மட்டும் தனியே விட்டுவிடாதீர்கள்.

---

கொடைக்கானலிலிருந்து இன்னொருவர் பதில்:

'வளி' போகட்டும், சரி. ஆனால் ரேஷன் கடையில் இருப்பு என்றால் மூட்டைக் கணக்கு. விகிதம் வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? 'இருப்பு விழுக்காடு' என்றால் எனக்குச் சம்மதம். அப்புறம், தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் ஒளி தசைக்குள் சரியாகப் போகாது, எண் ஏமாற்றும். ஒருவருடைய 50 இன்னொருவருடைய 50 ஆகாது. விழுக்காடு என்றாலே நம் பிள்ளைகள் மதிப்பெண் போல ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். விளக்கக் குறிப்பில் 'ஒரே ஆள், ஒரே தசை, ஒரே இடம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.