கூத்து நேரலையில் அப்பாவின் முகவீணை மட்டும் காணாமல் போகிறது – வழி சொல்லுங்கள்

செய்யாறு பையன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அப்பா தெருக்கூத்து ஜமா (குழு) ஒன்றில் முப்பது வருஷத்துக்கும் மேலாக முகவீணை (நாகசுரம் மாதிரி ஊதுகிற சின்ன வாத்தியம்) வாசிக்கிறார். எங்கள் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும்தான் பிழைக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பாரதப் போர் முடிகிற படுகளத்தன்றைக்கு மட்டும் லீவு போட்டு வருவார்கள். மற்ற இரவுகளில் நடக்கும் கூத்தை அவர்களும் பார்க்கட்டுமே என்று போன வருஷம் யூடியூபில் நேரலை தொடங்கினேன். நாற்பது ஐம்பது பேர் விடிய விடியப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நல்லபடியாகக் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

என்னிடம் இருப்பவை: பழைய கேம்கார்டர், அதன் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவர எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு, எட்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப், அதில் ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்). 1080பி, வினாடிக்கு 30 ஃபிரேம், பிட்ரேட் (வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) 6000 கேபிபிஎஸ், அதாவது ஆறு எம்பிபிஎஸ் என்று வைத்திருக்கிறேன். நெட் என் போன் ஹாட்ஸ்பாட். ஒலிக்கு மைக் செட் அண்ணனின் மிக்சரிலிருந்து ஒரு வயர்.

தொல்லை மூன்று. முதலாவது, பத்து மணிக்குக் களரி கட்டும்போதே (கூத்துக்கு முன் மேளதாளம் வாசிக்கும்போதே) படம் விட்டு விட்டு ஓடும். பதினொன்றேகால் வாக்கில் அடியோடு நின்றுவிடும். பன்னிரண்டுக்கு உயிர் வரும், இரண்டேகாலுக்கு மறுபடி நிற்கும். கூட்டம் இருக்கும்போது டவர் திணறுகிறது என்று நினைத்தேன். ஆனால் இரண்டேகாலுக்குக் கூட்டத்தில் பாதி பாய் விரித்துத் தூங்கிவிடுகிறது.

இரண்டாவது, கட்டை வேஷக்காரர் (மரத்தால் ஆன கிரீடமும் தோளணியும் கட்டி வருகிறவர்) வந்து சுற்றி ஆடினால் படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது. வேஷக்காரர் நின்று வசனம் பேசினால் சரியாகிவிடும்.

மூன்றாவதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஓசூரில் இருக்கும் அக்கா நடு ராத்திரியில் போன் பண்ணி, “அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, இன்னைக்கு வாசிக்கலையா?” என்று கேட்டாள். அப்பா எனக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டு கேட்கிறது, மத்தளம் கொஞ்சம் கேட்கிறது, முகவீணை மட்டும் இல்லை. பின்பாட்டுக்காரர் பாடும்போது ஒரு கீற்று வந்துவிட்டு மறைகிறதாம். புது மைக் வாங்க வேண்டுமா?

திருவண்ணாமலை கல்யாண வீடியோ:

தம்பி, பதினாலு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இப்போது முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் லைவ் கேட்கிறார்கள், அதனால் இந்த அவஸ்தை எல்லாம் பட்டிருக்கிறேன்.

ஓபிஎஸ்ஸில் ஸ்டேட்ஸ் என்று ஒரு சின்னப் பலகை இருக்கிறது, திறந்து வையுங்கள். ஃபிரேம் விடுபடுவதை அது மூன்று கணக்காகக் காட்டும். நெட்வொர்க்கில் விடுபட்டது ஏறினால் நெட்தான் குற்றவாளி. என்கோடிங்கில், அதாவது படத்தைச் சுருக்குவதில், விடுபட்டது ஏறினால் லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது. ரெண்டரிங்கில் என்றால் படத்தைக் கோத்து வரைகிற இடத்திலேயே தடுமாற்றம். இது தெரியாமல் நான் இரண்டு சீசன் லேப்டாப்பைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் மண்டபத்து வைஃபை.

அடுத்தது வேகம். வீட்டில் மத்தியானம் பார்த்த ஸ்பீட் டெஸ்ட் கூத்துக்கு உதவாது. கூத்து மேட்டில், ராத்திரி பத்தரைக்கு, ஜனம் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள். டவுன்லோட் எண் நமக்கு வேண்டாம், அப்லோட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள். இரண்டு எம்பிபிஎஸ் போகிற குழாயில் ஆறு எம்பிபிஎஸ்ஸைத் திணித்தால் ஓபிஎஸ்ஸில் வரிசை நீண்டு, கடைசியில் அது ஃபிரேம்களைத் தூக்கி எறியும். விட்டு விட்டு ஓடுவது அதனால்தான்.

ஹாட்ஸ்பாட்டும் வேண்டாம். அத்தனை பேர் பாக்கெட்டிலும் போன் இருக்கிற இடத்தில் வைஃபை நம்பிக்கையில்லை. யூஎஸ்பி கேபிளில் போனைச் சொருகி, டெதரிங் (போன் நெட்டை வயர் வழியாகப் பகிர்வது) போடுங்கள். யூடியூபில் லேட்டன்ஸியை (தாமத அளவை) நார்மலில் வையுங்கள். பார்க்கிறவர் பக்கம் அதிகம் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டும், சின்னத் தடங்கல் அவருக்குத் தெரியாது. கூத்துக்கு இருபது முப்பது வினாடி தாமதத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

விழுப்புரம் மணி:

ஒரே ஒரு கேள்வி. உங்கள் சிம்மில் என்ன பேக்? ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்கிற பேக்கா?

செய்யாறு பையன்:

ஆமாம் அண்ணா, தினம் 2 ஜிபி.

விழுப்புரம் மணி:

அப்படியானால் பதினொன்றேகாலுக்கு நிறுத்துவது டவர் இல்லை. உங்கள் நெட் இரண்டு எம்பிபிஎஸ் அளவில் போகிறது என்று வையுங்கள், மணிக்குச் சுமார் 900 எம்பி கரைகிறது. பகலில் நீங்கள் செலவழித்தது போக மீதி பதினொன்றேகாலுக்குத் தீர்கிறது. அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ், அதில் ஒலிகூடப் போகாது. பன்னிரண்டுக்குப் புது நாள், புது 2 ஜிபி. அதைத் 900 எம்பியால் வகுத்துப் பாருங்கள், இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நீங்கள் சொன்ன நேரம் அதுதானே?

விடிய விடிய எட்டு மணி நேரம் ஓட்ட ஏழெட்டு ஜிபி வேண்டும். அன்றைக்கு மட்டும் தனியாக டேட்டா பூஸ்டர் போடுங்கள். இல்லாவிட்டால் கோயிலுக்குப் பக்கத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சாதாரண லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். கரண்டு போனால் அவர்கள் வீட்டு ரூட்டரும் அணையும், அதற்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கிண்டி என்கோடர்:

நான் வீடியோ என்கோடிங்கில் வேலை செய்கிறேன். ஊர் போளூர் பக்கம், சின்ன வயதில் தாத்தா மடியில் தூங்கித் தூங்கிக் கூத்து பார்த்தவன். சதுரம் உடைவதைப் பற்றிச் சொல்கிறேன்.

படத்தைச் சுருக்குகிற என்கோடர் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுசாக அனுப்புவதில்லை. முன்னதற்கும் இதற்கும் எது மாறியதோ அதைத்தான் அனுப்பும். வேஷக்காரர் நின்று பேசும்போது மாறுவது அவர் முகமும் கையும், அதனால் படம் சுத்தமாக இருக்கிறது. ஆடும்போது பாவாடை சுழல்கிறது, தோளில் கட்டிய புஜக்கட்டைக் கண்ணாடிகள் மின்னுகின்றன, எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய திருடர்கள் இரண்டு பேர், அவர்கள் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று, இருட்டில் வரும் புள்ளி. வெளிச்சம் போதாதபோது கேமரா தானே கெய்னை (படத்தின் மின்பெருக்கத்தை) ஏற்றும், கருப்பு வானத்தில்கூட மணல் தூவியது மாதிரி புள்ளிகள் நெளியும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகின்றன. பாவம் என்கோடர், அதையும் செய்தி என்று எண்ணி உங்கள் பிட்ரேட்டில் பெரும்பங்கை வானத்துக்குச் செலவழிக்கிறது. கெய்னை மேனுவலில் வைத்து 9 அல்லது 12 டிபிக்கு (டெசிபலுக்கு) மேல் போகாமல் பூட்டுங்கள். படம் இருட்டாக வந்தால் விளக்கைக் கூட்டுங்கள். ஆட்டக்காரர் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் உயரமாக இரண்டு ஃபோகஸ் லைட் போதும்.

இரண்டு, சீரியல் செட். எங்கள் ஊரிலும் ஆட்டக்களத்துக்குப் பின்னால் ஓடுகிற பல்புத் தோரணம் கட்டுவார்கள். ஒவ்வொரு சிமிட்டலும் என்கோடருக்கு ஒரு புதுப் படம். விழாக்காரர்களிடம் பேசி, கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் அதை நிலையாக எரிய விடச் சொல்லுங்கள். ஆட்டக்காரருக்குப் பின்னால் ஒரே நிறத்தில் துணி கட்டினால் இன்னும் நல்லது.

கேமராவை 25 ஃபிரேமுக்கு மாற்றி ஷட்டரை வினாடியில் 50இல் ஒன்று என்று வையுங்கள். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட் வினாடிக்கு நூறு முறை துடிக்கும். 30 ஃபிரேமும் 60இல் ஒன்று ஷட்டரும் அதோடு ஒத்துப்போகாமல் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஓபிஎஸ்ஸிலும் 25. அளவை 720பிக்கு இறக்குங்கள். இரண்டாயிரம் பிட்ரேட்டில் நொறுங்கிய 1080ஐவிடத் தெளிவான 720 கண்ணுக்கு எவ்வளவோ மேல், பார்ப்பவர்கள் கையில் இருப்பதும் பெரும்பாலும் போன்தான். கீஃபிரேம் (முழுசாக அனுப்பும் ஃபிரேம்) இடைவெளி 2 வினாடி, பிட்ரேட் சிபிஆர் (மாறாத அளவு). கை வீசும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் கேமரா இன்டர்லேஸ்டாக (ஒரு வரி விட்டு ஒரு வரியாக) அனுப்புகிறது, ஓபிஎஸ்ஸில் டீஇன்டர்லேசிங் போடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். லேப்டாப் தாங்கினால், நேரலை போகும்போதே அதிக பிட்ரேட்டில் ஹார்ட் டிஸ்க்கில் தனியாகவும் பதியுங்கள். எம்கேவி வடிவில் பதியுங்கள், நடுவில் கரண்டு போனாலும் அதுவரை பதிந்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் போய்விடலாம். உங்கள் அப்பா காலத்து வாசிப்பு நெட் வேகத்தை நம்பி இருக்கக் கூடாது.

ஆரணி மைக் செட்:

தம்பி, புது மைக் எல்லாம் வாங்காதே. ஓபிஎஸ்ஸில் ஆடியோவுக்கு நாய்ஸ் சப்ரஷன் (இரைச்சல் நீக்கும்) ஃபில்டர் போட்டிருக்கிறாயா? ஜெனரேட்டர் சத்தம் போகட்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்து, ஆர்என்நாய்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்திருப்பாய். அது மனுஷக் குரலை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பதற்காகப் பழக்கப்பட்டது. அதன் காதுக்கு முகவீணையும் இரைச்சல்தான். பின்பாட்டுக்காரர் பாடும்போது கதவைத் திறக்கிறது, அந்த இடுக்கில் அப்பா வாசிப்பு ஒரு கீற்று வருகிறது. அவர் நிறுத்தினதும் சாத்திவிடுகிறது. ஃபில்டரைத் தூக்கு, முகவீணை திரும்பி வரும். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்.

மிக்சரிலிருந்து ரெக்கார்ட் அவுட் எடு. அந்த வயரை லேப்டாப்பின் மைக் துளையில் சொருகாதே, அந்த அளவு அது தாங்காது, கரகரக்கும். சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக லைன் இன்னில் கொடு. மத்தளக்காரர் ஓங்கி அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 6 டிபியைத் தாண்டாமல் வை. விடியற்காலை யுத்தக் காட்சியில் எல்லோரும் சேர்ந்து ஏறுவார்கள், அதற்கு இடம் வேண்டும்.

இன்னொன்று. மைக் செட் மிக்சரில் வருவது மேடைக்கு எது தேவையோ அது. முகவீணை தானாகவே ஊர் கேட்க ஒலிப்பதால் அதற்கு நாங்கள் அதிகம் வால்யூம் வைப்பதில்லை. அதனால் தனியாக ஒரு மைக் கேமரா பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கலந்துவிடு. ஜனத்தின் சிரிப்பும் அதில் வரும்.

கடைசியாக, கேப்சர் கார்டு படத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தரும், ஒலி முந்திவிடும். தாளம் தட்டும் கையைப் படம் பிடித்து, சத்தமும் கையும் சேருகிற வரை ஓபிஎஸ்ஸில் சிங்க் ஆஃப்செட்டை (ஒலியைத் தள்ளிப்போடும் அளவை) மில்லி செகண்டில் ஏற்று.

செய்யாறு பையன் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கோயிலுக்குப் பின் தெருவில் ஓர் ஆசிரியர் வீட்டில் ஃபைபர் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும், “கூத்துக்குத்தானே, எடுத்துக்கோப்பா” என்றார். எழுபது மீட்டர் கேபிளை வேப்பமரத்திலும் ஸ்பீக்கர் கட்டிய மூங்கிலிலும் கட்டி இழுத்தோம். பத்தரை மணிக்கு அப்லோட் 20 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையவில்லை. இருந்தும் 720பி, 25 ஃபிரேம், பிட்ரேட் 3500 என்றுதான் வைத்தேன். பத்திலிருந்து ஐந்தே முக்கால் வரை நெட்வொர்க்கில் விடுபட்ட ஃபிரேம் பூஜ்யம். சீரியல் செட்டை நிலையாக எரிய விட விழாக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், போனில் படத்தைக் காட்டியதும் அவர்களே ஓடிப்போய் மாற்றினார்கள். கட்டை வேஷக்காரர் சுழலும்போது இப்போதும் கொஞ்சம் கலங்குகிறது, ஆனால் முகத்து அரிதாரத்தின் கோடுகள் தெரிகின்றன. சிங்க் ஆஃப்செட் 180 மில்லி செகண்டில் பொருந்தியது.

ஆரணி அண்ணா, நீங்கள் சொன்ன ஃபில்டரேதான். எடுத்த நிமிஷமே முகவீணை வந்துவிட்டது. அக்கா போன் பண்ணவில்லை, காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அவள் பேசவே இல்லை. போனை டிவி பக்கத்தில் வைத்து, அப்பா வாசிப்பதைப் பதிந்து அனுப்பியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டி எம்கேவி பதிவைப் போட்டுக் காட்டினேன். முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “அடுத்த தடவை எனக்கு மைக் வெச்சா வாய்க்கு நேரா வெக்காத. சத்தம் தொளையிலதான் வருது, வெரல் பக்கமா ஒரு மொழம் தள்ளி வை” என்றார். வெள்ளிக்கிழமை வந்தவாசி பக்கம் கூத்து. அப்படியே வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.