கோஸ்டர் பஸ்ஸை மோட்டர்ஹோமா மாத்துறம், தெரிஞ்சாக்கள் உதவுங்கோ

வணக்கம். 7 மீற்றர் கோஸ்டர் ஒண்டு, 24 வோல்ற். போற இடமெல்லாம் சொந்தக் கட்டில், சொந்தக் குசினி எண்டது பெரிய சுகம்தான். இடிக்கிறது ஏசி.

12.8 வோல்ற், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒண்டில 2.5 கிலோவாட்-மணிதான் இருக்கு. 9000 பி.ரி.யு. (குளிராக்கிற திறன்ர அளவு) இன்வேர்ட்டர் ஏசி சராசரி 500 வாட் இழுத்தாலே 5 மணித்தியாலத்தில காலி. நிலாவெளிப் புழுக்கத்தில விடியும்வரை ஓட ரெண்டாவது வேணும். கூரைச் சோலாரை மாரியில நம்பேலாது. அதால ஓடேக்க, எஞ்சின் சுத்தி கரண்ட் எடுக்கிற ஓல்டர்னேற்றரில இருந்து ஏத்தப்போறம். நேரா இணைச்சா லித்தியம் அளவுக்கு மிஞ்சி இழுத்து ஓல்டர்னேற்றர் சுருள் கருகலாம். இடையில பஸ்ஸின்ர 24 வோல்ற்றைப் பற்றரிக்கு ஏத்த வோல்ற்றாக்கி, ஆம்பியரையும் கட்டுப்படுத்துற டீசீ-டீசீ சார்ஜர் கட்டாயம். 30 ஆம்பியர் போதுமா, 60 போடலாமா? கோஸ்டரில பூட்டினாக்கள் சொல்லுங்கோ.

மற்றது துரு. ஏசிக்குக் கூரை வெட்டின விளிம்பில பெயின்ற் இல்லாட்டி உப்புக்காத்து ஒரு மாரிக்குள்ளேயே தின்னத் தொடங்கும். சிங்க் பிரைமர் (துருத்தடுப்பு அடிப்பூச்சு) அடிச்சு, பியூட்டைல் ரேப் (ரப்பர் மாதிரி ஒட்டுற பட்டி) ஒட்டுறதுதான் எங்கட எண்ணம். வெறும் சிலிக்கன் வண்டி குலுங்கக் குலுங்க உரிஞ்சு தண்ணி இறங்கும். சசிக்கு (வண்டியின்ர அடிச்சட்டத்துக்கு) அடியில துருத்தடுப்பு ஒழுங்காச் செய்யிற கராஜ் திருகோணமலை ரவுணுக்குள்ள, இல்லாட்டி கந்தளாய்ப் பக்கம் இருக்கா?

200 லீற்றர் தண்ணி டாங்கி, அதாவது 200 கிலோ, பின் அச்சுக்கு முன்னால வைக்கிறம். பஸ்ஸை மோட்டர்ஹோமா வாகன வகுப்பு மாத்திப் பதிஞ்சாக்கள் என்னென்ன கடுதாசி கேட்டவை எண்டும் எழுதுங்கோ.