கோத்தகிரியில் ஆண்டிறுதிக் கூடுகை: பாட்டும் அரசியலும்

கேள்வி: டிசம்பர் 31 இரவு புல்வெளியில் கரோல், படுகர் பாட்டு, பிறகு மதச்சார்பின்மை பற்றிப் பேச்சு. மைக் எதுவரை வைக்கலாம்? கோவை நண்பர்களுக்கு என்ன தேவை?

பதில் 1: மைக்குக்கு முன்கூட்டியே எழுத்து அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அரசு தனியாகத் தளர்த்தினால்தான் உண்டு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆகவே பாட்டை முதலில் முடித்து, பேச்சை உள்ளே வையுங்கள். குளிரில் கிட்டார் கம்பி இறுகிச் சுருதி ஏறும். சற்று நேரம் வெளியே வைத்தபின் சுருதி சேர்க்கவும்.

பதில் 2: நீலகிரி மாவட்டத்துக்குள் வர வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) தேவை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், மாவட்டத்தில் தடை.

பதில் 3: பேச்சை அரசியலமைப்பின் முகவுரையில் தொடங்குங்கள். ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் 1976இல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தது. அதை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தது. சொல் வருமுன்பே 25ஆவது பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தந்துவிட்டது. அதையும் சத்தமாக வாசியுங்கள்.